நாடகத்துக்குப் போன கட்டில்

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் இரண்டு இட்லி. மதியம் ரசம் சோறு. இரவு ஒன்றும் இல்லை.

இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எழுதுகிறேனோ தெரியவில்லை. இவர் படுக்கையில் கிடந்த காலத்தில், வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்சம்மா ஒரு டைரியைக் கொடுத்தார். என்ன சாப்பிட்டார், மூத்திரம் எப்படிப் போகிறது, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தீர்கள், எல்லாம் எழுதுங்கள் அக்கா என்றார். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும். எழுதி எழுதிப் பழகிவிட்டது. தை மாதம் இவர் போய்விட்டார். கை மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் இப்போது நான் சாப்பிட்டதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. சத்துணவுக் கூடத்துப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தேன். ஜூன் வரை வேலை கிடையாது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

மே 1, வியாழன்

தெய்வானை வந்தாள். இவருடைய தங்கை. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இந்தக் கட்டிலை வெச்சுட்டுத்தான் இருக்கறீங்களா அண்ணி?"

"இருக்குது."

"உசுரு போன கட்டிலை வீட்டுக்குள்ள வெச்சுக்குவாங்களா யாராச்சும்? அன்னிக்கே சுடுகாட்டுல வேலை செய்யறவங்களுக்குக் குடுத்து அனுப்பியிருக்கோணும். எங்க சொல்லு எங்க எடுபடுது."

"நல்ல இரும்பு தெய்வானை. இப்ப இப்படி வர்றதில்ல."

"இரும்பா இருந்தா என்ன, தங்கமா இருந்தா என்ன. உள்ள கால் வெக்கவே ஒரு மாதிரி இருக்குது எனக்கு."

உள்ளே வர மாட்டேன் என்றவள் வெளியே நின்றபடியே இரண்டு டம்ளர் டீ குடித்தாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஓசூரிலிருந்து என் மகன் பூபதி கூப்பிட்டான். "அத்தை சொன்னாங்கம்மா. அந்தக் கட்டில் கண்ணுல பட்டுட்டே இருந்தா நீ எப்படித் தேறுவே? யாருக்காச்சும் குடுத்துரு. இல்லேன்னா நான் வந்து எடுத்துப் போடறேன்" என்றான். சரி என்றேன். அவன் பிறந்த வருஷம் வாங்கிய கட்டில் அது. தலைமாட்டில் ஒரு கம்பி வளைந்திருப்பது அவன் தொங்கி ஆடியதால்தான். அதை அவனிடம் சொல்லவில்லை.

மே 3, சனி

ஹெட்மாஸ்டர் டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கோயம்புத்தூரில் இந்த வருஷம் கோடைக் கலைவிழா என்று ஒன்று நடத்துகிறார்களாம். குளக்கரையில் பாட்டுக் கச்சேரி. நம் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் படம் மாட்டி வைப்பார்கள். மைதானத்தில் மேடை போட்டு நாடகம். கக்கூஸைத் திறந்து மூட, கூட்டிப் பெருக்க, தண்ணீர் டிரம் நிரப்ப ஒரு ஆள் வேண்டும். "மயிலக்கா, உங்களால முடியுமா, வீட்டுல இப்படி இருக்கறப்போ" என்று டீச்சர் தயங்கினார்.

வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கேட்டு முடிக்கவில்லை.

மே 5, திங்கள்

நாடகக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் வேறே வேலை இருக்கிறது, சாயங்காலம்தான் நடிக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவி தமயந்தி என்கிற பெண். முப்பது வயது இருக்கும். முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். டீயைக் கையில் வாங்கினால் ஆறிப்போகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருக்கிறாள்.

கதை இதுதான். ஒரு அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவரைச் சுற்றி நின்று மகன்களும் மருமகள்களும் வீட்டைப் பிரிப்பதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். கடைசியில் அவர் இருமிச் செத்துப்போகிறார். அப்பாவாக நடிப்பவர் ஜெகநாதன். கரண்ட் ஆபீசில் வேலை. ஆள் நல்ல வாட்டசாட்டம். அவரைப் படுக்க வைக்க இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டார்கள். படுத்ததும் பெஞ்சு விலகி நடுவில் விழுந்தார்.

"தமயந்தி, நான் மூணாவது காட்சியிலதான் சாகணும். இப்பவே கொன்னுடாதே" என்றார் கீழே கிடந்தபடி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

பழைய இரும்புக் கட்டில் ஒன்று வேண்டும், வாடகைக் கடையில் எல்லாம் மெத்தை வைத்த புதுக் கட்டிலாகத்தான் தருகிறார்கள் என்று தமயந்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்குதுங்க" என்றேன்.

மே 6, செவ்வாய்

நான்கு பேர் வந்து தூக்கிப் போனார்கள். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம்தான் வீடு, தூரம் இல்லை. தமயந்தி கம்பியைத் தட்டிப் பார்த்து, இதுதான்க்கா வேணும், இதேதான் என்று சந்தோஷப்பட்டாள். யாருடையது என்று கேட்கவில்லை. சும்மா கிடக்குதா என்று மட்டும் கேட்டாள். சும்மாதான் கிடக்குது என்றேன். அது பொய் இல்லை.

தெய்வானைக்குப் போன் பண்ணி, கட்டிலைக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். "யாருக்குங்க அண்ணி?" என்றாள். வேண்டியவர்களுக்கு என்றேன். "இப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு" என்றாள். பூபதிக்கும் அவளே சொல்லிவிட்டாள்.

மே 7, புதன்

வீடு பெரிதாக இருக்கிறது. நடு வீட்டில் சுற்றிக்கொண்டு நடக்கிறேன், இல்லாததில் இடித்துக்கொள்ளாமல்.

மே 8, வியாழன்

ராத்திரி தூக்கம் வரவில்லை. வெயில் காலம், எல்லோருக்கும் அப்படித்தான்.

ஒத்திகைக்கு முன்னால் கட்டிலில் போர்வையை நான் விரித்துவிடுகிறேன். தமயந்தி சொன்னாள், "அக்கா, இவ்வளவு நேரா வேண்டாம். கவனிக்க ஆளில்லாம கெடக்கறவரு. கசங்கி இருக்கட்டும்." கசக்கிப் பார்த்தேன். என்னால் ஆகவில்லை. சுருக்கத்தில் படுத்தால் முதுகு புண்ணாகும். மேலாகக் கசங்கினாற்போல் தெரிகிற மாதிரி ஒரு துணியைப் போட்டுவிட்டு, அடியில் இருப்பதை இழுத்துக் கட்டிவிட்டேன். குதிகால் கம்பியில் படாமல் இருக்க ஒரு பழைய வேட்டியை மடித்து வைத்தேன்.

ஜெகநாதன் படுத்தார். மகன்கள் சண்டை போட்டு முடித்தார்கள். அவர் இரும வேண்டிய இடம் வந்தது. இருமவில்லை. தமயந்தி கிட்டே போய்ப் பார்த்தால் குறட்டை.

"மயிலக்கா, நீங்க விரிச்சுப் போட்டா சாகறதே மறந்து போயிருதுங்க" என்றார் எழுந்து.

மே 9, வெள்ளி

விழா தொடங்கியது. விளக்கேற்றுகிற நேரத்தில் நான் பின்பக்கம் தண்ணீர் டிரம் பக்கம் போய்விட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். தாலி இல்லாதவள் முன்னால் நிற்க வேண்டாம் என்று.

மூன்றாம் வகுப்பு ஏ, பி, நான்காம் வகுப்பு எல்லாவற்றிலும் படம் மாட்டியிருக்கிறார்கள். கரும்பலகையை வெள்ளைத் துணியால் மூடிவிட்டார்கள். ஜனங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சத்தம் போடாமல், மெதுவாக ஒவ்வொன்றாகப் பார்த்து நகர்கிறார்கள். துக்க வீட்டில் மாலை போட்டுவிட்டு நகர்வார்களே, அது மாதிரி. ஒரு படத்தில் சிவப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதன் முன்னால்தான் ஏர்கூலர் வைத்திருக்கிறார்கள். மதியம் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வரைந்த பையன் வந்து, "பெரியம்மா, இவ்ளோ நேரம் என் படத்த யாருமே பாத்ததில்ல" என்றான். காற்று நன்றாக வருகிறது என்று சொல்ல மனசு வரவில்லை. பார்க்கப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் குளக்கரைக் கச்சேரி. டிரம்ஸ் அடித்த அடியில் வீட்டில் அலமாரித் தட்டில் டம்ளர் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டது.

மே 10, சனி

முதல் நாடகம். கூட்டம் பரவாயில்லை. நான் ஓரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தேன். கட்டிலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் அல்லவா.

நாடகத்தில் அப்பாவுக்கு மனைவியாக வருகிற பெண் காலேஜில் படிக்கிறவள். தலைக்கு வெள்ளைப் பவுடர் அடித்துக்கொள்கிறாள். நன்றாக அழுகிறாள். ஆனால் அவரை ஒரு தடவைகூடத் தொடவில்லை. தலையணையைக்கூடச் சரி பண்ணவில்லை. நின்றபடியே அழுகிறாள். நமக்கென்ன, நாடகம்.

கடைசியில் இருமல் வந்தது. நிஜமாகவே அடைப்பது மாதிரி இருந்தது. எனக்கு எழுந்திருக்கத் தோன்றியது. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் தலை சாய்ந்தது. விளக்கு அணைந்தது. கைதட்டினார்கள்.

விளக்கு திரும்ப எரிந்ததும் ஜெகநாதன் எழுந்து உட்கார்ந்து, காலைக் கீழே வைத்து, வாய்விட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். மேடையில் செத்தவர் எழுந்ததும் சிரித்துவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் ஆகாதாம். அவருடைய அம்மா சொல்லி அனுப்பிய வழக்கம். மனைவி பிருந்தா உப்பு மிளகாய் சுற்றிப் போடக் காத்திருந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம்.

கூட்டம் கலைந்தது. நான் போர்வையை மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

காலை: உப்புமா. மதியம்: இல்லை. இரவு: எழுந்தார்.

மே 11, ஞாயிறு

எழுந்தார்.

மே 12, திங்கள்

பழைய சோறு. எழுந்தார். இன்றைக்குச் சிரிக்கும்போது புரையேறி இருமினார், எல்லோரும் பதறிவிட்டார்கள்.

மே 13, செவ்வாய்

டீச்சர் வந்து பார்த்தார். "என்ன மயிலக்கா, ஒரே நாடகத்த எத்தன தடவ பாப்பீங்க? குளக்கரையில நல்ல பாட்டெல்லாம் பாடறாங்களே, அங்க போலாமில்ல" என்றார். கட்டில் நம்முடையது டீச்சர், யாராவது கோணல் மாணலாக இழுத்து நட்டு கழன்றுவிட்டால் என்ன செய்வது என்றேன். டீச்சர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். டீச்சருக்குத் தெரியும். இவர் போனபோது மாலை கொண்டுவந்து அந்தக் கட்டிலில்தான் வைத்தார்.

அவர் யாரிடமும் சொல்லக்கூடாதே என்று இருந்தது. சொல்லிவிட்டால் அந்தக் கட்டிலில் யார் படுப்பார்கள். படுத்தால்தானே எழுந்திருக்க.

பிருந்தா இன்று என் பக்கத்தில் வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். சேரில் முதுகு வலிக்கிறதாம். "அவரு சொல்றாருங்க்கா, வீட்டுக் கட்டிலவிட மேடையிலதான் நல்லாத் தூங்க முடியுதுன்னு. நீங்க வந்து எங்க வீட்டுலயும் விரிச்சுக் குடுங்க" என்றாள். வளைகாப்புக்கு நாள் பார்த்திருக்கிறார்களாம், வாங்க என்றாள். நான் எங்கே கண்ணு வர்றது என்றேன். அதன் பிறகு அவள் பேசப் பேச எனக்குக் காதில் ஏறவில்லை. இவளிடம் சொல்லாமல் இருக்கிறோமே என்றுதான் நினைப்பு ஓடியது.

எழுந்தார்.

மே 14, புதன்

எழுந்தார். தயிர் வாங்கினேன்.

மே 15, வியாழன்

நடந்ததை எழுதுகிறேன்.

தெய்வானையின் பேத்தி குளக்கரையில் குழந்தைகள் கோஷ்டியில் பாடினாள். பாட்டு முடிந்து பேத்தியை மகளிடம் விட்டுவிட்டு, அண்ணி எங்கே வேலை செய்கிறாள் பார்ப்போம் என்று தெய்வானை மைதானத்துக்கு வந்துவிட்டாள். வந்தவள் நேராக முன்வரிசையில் உட்கார்ந்தாள். எனக்குத் தெரியாது. நாடகம் பாதி ஓடின பிறகுதான் அவளுடைய மாம்பழக் கலர் சேலை கண்ணில் பட்டது. இருட்டில்தானே உட்கார்ந்திருக்கிறாள், கண்ணும் சரியாகத் தெரியாது, போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெகநாதன் இருமினார். தலை சாய்ந்தது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் நிற்பார்கள். மைதானமே ஓசையில்லாமல் இருந்தது. அப்போது தெய்வானை எழுந்து நின்றாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேடையைப் பார்த்தாள்.

"ஏனுங்க அண்ணி, இது நம்ம கட்டிலல்ல? கம்பி வளைஞ்சிருக்குது பாருங்க. எங்கண்ணன் உசுரு போன கட்டிலு."

சிலர் சிரித்தார்கள். பின்னால் யாரோ "ஆளை நடுவுல உக்கார வெச்சுப் பேச விடறாங்க, இப்பல்லாம் இப்படித்தான் நாடகம் போடறாங்க" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தெய்வானை விடவில்லை. "நாடகமில்லீங்க, நெசந்தான். தை மாசந்தான் போனாரு. குடுத்துட்டேன்னு சொன்னாங்களே எங்கண்ணி."

ஜெகநாதன் செத்தவர், அசையக் கூடாது. அசையவில்லை. ஆனால் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கால்விரல்கள் மடங்குவதை நான் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் பிருந்தா இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது. அவர் எழுந்தார். சிரிக்கவில்லை.

நான் போர்வையை மடிக்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 16, வெள்ளி

இன்றைக்கு மைதானத்தில் வெளியூர்க்காரர்கள் நாடகம். நம்மவர்களுக்கு நாளைக்குத்தான் கடைசி. அதைப் பார்க்க வேறு ஊர் விழாக்காரர்கள் வருகிறார்கள், பிடித்துப்போனால் அங்கே கூப்பிடுவார்கள் என்று தமயந்தி முன்பே சொல்லியிருந்தாள்.

காலையில் அவள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

"கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்து, அது வழியில் எங்கோ நின்றுபோன மாதிரி முகம் ஆயிற்று. தரையில் உட்கார்ந்தாள். "எனக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கெடையாதுக்கா. அவருக்கும் இல்ல. ஆனா பிருந்தா நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கலயாம்" என்றாள். டீ போட்டுக் கொடுத்தேன். வழக்கம்போல ஆற விட்டுவிட்டுப் போனாள்.

பத்து மணிக்கு மேல் ஜெகநாதனும் பிருந்தாவும் வந்தார்கள். வாசலில் நிற்பார்கள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். வீட்டில் மாங்காய்தான் இருந்தது. கீறி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வைத்தேன். பிருந்தா தட்டைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க்கா" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. தப்புன்னு தெரியுது, ஆனாலும் பயமா இருக்கு."

"இதுல தப்பென்ன கண்ணு இருக்குது. எம் பையன் வயித்துல இருக்கறப்போ நான் ஆஸ்பத்திரி ரோட்டுலயே போக மாட்டேன். பொணம் எதுக்க வந்துருமோன்னு ரெண்டு தெரு சுத்திப் போவேன். நான்தான் உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும்."

ஜெகநாதன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு, எங்கள் ஸ்டூலில் பாதிதான் பிடித்தது.

"அவரு பேரு என்னங்கக்கா?" என்றார்.

பேரைச் சொல்லிப் பழக்கமில்லை. எழுந்து போய், அவர் பேரில் இருக்கிற கேஸ் சிலிண்டர் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினேன். ஆறுச்சாமி என்று அவர் வாய்விட்டுப் படித்தார். இந்த வீட்டுக்குள் அந்தப் பேரைக் கேட்டு வெகு காலம் ஆயிற்று.

"எப்படிப் போனாருங்க?"

"உங்க நாடகத்துல வர்ற மாதிரி இல்லீங்க. இருமவுமில்ல, யாரையும் கூப்பிடவுமில்ல. பேச்சு நின்னே ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. காலையில முதுகு தொடச்சு, பவுடர் போட்டு, எடது பக்கமாத் திருப்பிப் படுக்க வெச்சுட்டுக் கஞ்சி எடுக்கப் போனேன். வந்து பாக்கறப்போ இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"யாருக்கும் போன் பண்ணலீங்க. பக்கத்துலயே உக்காந்துட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்போணும்னு நர்சம்மா சொல்லியிருந்தாங்க. நேரமாச்சேன்னு எந்திரிச்சு, வலது பக்கமாத் திருப்பி வெச்சேன். திருப்பினப்பறம் குதிகாலுக்குத் துணி வெச்சேன். அப்புறந்தான் பையனைக் கூப்பிட்டேன்."

வெளியே மைக் டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று.

பிருந்தா கேட்டாள். "தெனமும் வந்து உக்காந்திருந்தீங்களேக்கா. அவரு எந்திரிக்கறதப் பாக்கவா?"

"கட்டிலு பத்திரமா இருக்குதான்னு பாக்க வந்தேன் கண்ணு" என்றேன்.

அவள் ஒரு மாங்காய்த் துண்டை எடுத்துக் கடித்தாள். புளிப்பில் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே சொன்னாள். "நாளைக்குக் கடைசி ஒரு நாள்தான. இருந்துட்டுப் போகட்டும்க்கா. இத்தன நாள் எந்திரிச்சாரு. நாளைக்கும் எந்திரிப்பாரு."

ஜெகநாதன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

எனக்கு ஆம் என்று சொல்ல எவ்வளவோ ஆசை. அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒன்று சொல்கிறது, வயிற்றின் மேல் வைத்த கை வேறு சொல்கிறது. விரலெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"வேண்டாம் கண்ணு" என்றேன். "கொண்டுவந்து குடுத்துருங்க. எனக்கு வேணும் அது."

மே 17, சனி

மதியம் கட்டில் வந்துவிட்டது. ஜெகநாதனும் இன்னும் மூன்று பேரும் தூக்கி வந்தார்கள். கடைசி நாடகத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மூன்று பெஞ்சைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருக்கிறோம், விழுந்தால் வந்தவர்கள் சிரிக்கட்டும் என்றார்கள்.

உள்ளே வந்ததும் எங்கே போடுவது என்று கேட்காமல் சுவரோரமாகத் தள்ளிவிட்டார்கள். அதன் இடம் நடு வீடு. இரண்டு பக்கமும் நின்று திருப்ப வேண்டுமே, அதற்காக. சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், திருப்ப யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. தானாக ஏறிப் படுக்கிறவர்கள் வீட்டில் கட்டில் சுவரோரம்தான் கிடக்கும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சாயங்காலம் வருவீங்களாக்கா?" என்றார் ஜெகநாதன்.

பார்க்கலாம் என்றேன்.

தண்ணீர் டிரம்மை நிரப்பிவிட்டு, கக்கூஸைக் கழுவித் திறந்து வைத்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். பெஞ்சில் கிடக்கிறவருக்குக் குதிகாலுக்குத் துணி வைத்தார்களா என்று கேட்டிருக்கலாம்.

இப்போது நாடகம் தொடங்கிவிட்டது. மைக் சத்தம் இங்கேயே கேட்கிறது. மூத்த மகன் பேசுகிறான். அடுத்தது சின்ன மருமகள் பேசுவாள், பாத்திரம் விழும். விழுந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மேடையில் ஏற்றி இறக்கியதில் நட்டு ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று படுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் படுத்தால் தெரியாது. இரண்டு பக்கமும் புரண்டு பார்த்தால்தான்

மே 18, ஞாயிறு

முகத்தில் வெயில் அடித்துத்தான் எழுந்தேன். பேனா தரையில் கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள்கூடப் போடவில்லை.

கக்கூஸைப் பூட்ட ஓடினேன். டீச்சர் ஆள் வைத்துப் பூட்டியிருந்தார். படங்களைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் படம் வரைந்த பையன் கையசைத்தான். தமயந்தி வண்டியில் பெஞ்சும் துணியும் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"பெஞ்சு விழுந்துச்சுங்களா?" என்றேன்.

"விழலக்கா. வந்தவங்களுக்குப் புடிச்சிருந்துச்சான்னு தெரியல, போன் பண்றேன்னு போயிட்டாங்க. ஜெகன் எந்திரிச்சுச் சிரிச்சுட்டு உங்களத்தான் தேடினார். வீட்டுக்கு வந்து பாத்தோம். கதவு தெறந்திருந்துச்சு. நீங்க குறட்டை விட்டுட்டிருந்தீங்க. பிருந்தாதான் எழுப்ப வேண்டாம்னா."

மதியம் சோறு வடித்து, தக்காளிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தேன். பூபதி போன் பண்ணினான். அத்தை எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறாள். மேடை, கட்டில், கூட்டம் சிரித்தது எல்லாம். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணினே? சரி விடு. இப்ப அந்தக் கட்டில் எங்க இருக்குது?"

"இங்கதான் இருக்குது. அதுல படுத்துட்டுத்தான் பேசறேன்."

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், போகவில்லை.

"அங்க ஃபேன் காத்து வருதா?" என்றான்.

"வருது சாமி" என்றேன்.